ஏழாவது ஊக்கு

என் கழுத்துச் சங்கிலியில் ஓர் ஊக்கு தொங்குகிறது. எந்தப் புடவைக்கும் அதை நான் குத்துவதில்லை. என் சம்பந்தியம்மா, அதாவது மருமகளைப் பெற்றவர், கொடுத்தது. கொடுத்தார் என்பதைவிட, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாருக்கும் தெரியாமல் என் கைக்குள் திணித்தார் என்பதுதான் சரி.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. மகன் கல்யாணப் பந்தியில் அந்த வாய்தான் வேலையைக் காட்டியது. பெண் வீட்டுச் சாப்பாடு. சம்பந்தியம்மா வியர்க்க வியர்க்க ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். "சாம்பார்ல பருப்பு எங்க கீதுன்னு டார்ச் அடிச்சிதான் பாக்கணும் போல" என்றேன். பந்தியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மருமகளுக்கு ஐந்தாம் மாதம் ஆனபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு. பெற்றவள் எங்கள் வீட்டுக்கு வந்து வளையல் அடுக்கி மகளை அழைத்துப் போக வேண்டும். "உங்கம்மா வருவாங்களா?" என்று கேட்டால் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அப்புறம் அவளே ஒரு வழி பண்ணினாள். திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஒருநாள் பஸ் டூர் போட்டார்கள். ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு மலையடிவாரம். கயிற்றில் தொங்கிக்கொண்டே பள்ளத்தைத் தாண்டும் விளையாட்டு. எனக்கும் அவள் அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் போட்டுவிட்டு அவள் வீட்டில் இருந்துகொண்டாள்.

வெள்ளானூரில் ஏறிய சம்பந்தியம்மா, எங்கள் நடுவில் புளிச்சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடுவேனா. பஸ் முழுக்கக் கேட்கும்படி, "கயித்துல மொத ஆளா நான்தான் தொங்குவேன். கொமரிங்கல்லாம் பின்னாடி வாங்கடி" என்று வழியெல்லாம் சவடால் விட்டுக்கொண்டே போனேன்.

பாறை மேல் போட்டிருந்த மேடையில் ஏறிப் பள்ளத்தைப் பார்த்தேன். முட்டி ரெண்டும் தனித்தனியாக ஆடின. நல்லவேளை, பெல்ட் மாட்டுகிற ஆள் சொன்னார்: "பொடவைக்கு பெல்ட் மாட்ட முடியாதும்மா." வயிற்றில் பால் வார்த்தார் மகராசன். முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "தார்ப்பாய்ச்சி கட்டிவுட்டா ஏத்துவீங்களா?" சம்பந்தியம்மா. பழி தீர்க்கிறார் என்று புரிந்தது. வெள்ளானூரில் வயல் இருந்த காலத்தில் நாற்று நட்ட கை அது. என் புடவையைக் கால்களுக்கு நடுவே இழுத்துப் பின்னால் செருகினார். தன் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருந்த ஏழு ஊக்குகளையும் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குத்தினார்.

வாயில் ஊக்கு இருக்கிறவரை யாராலும் திட்ட முடியாது. அந்தச் சமயம் பார்த்து, "சம்பந்தி, பந்தியில நான் அப்டி பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர் நிமிரவில்லை. ஆறு ஊக்கு குத்தி முடித்தார். கடைசி ஒன்றைக் கையில் எடுத்தவர் என் முட்டியைப் பார்த்தார்.

"பயமா கீதா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆமா."

அதை அவர் உரக்கச் சொல்லியிருந்தால் மொத்த பஸ்ஸும் சிரித்திருக்கும். எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவர் எழுந்து எல்லோரையும் பார்த்து, "ஊக்கு பத்தல. பாதியில அவுந்துகிச்சின்னா இன்னா பண்றது? அவங்க ரெடிதான், நான்தான் வேணாங்கிறேன்" என்றார். ஏழாவது ஊக்கு அதற்குள் என் கையில் இருந்தது.

திரும்பும்போது தூக்கு நடுவில் இல்லை, என் மடியில் இருந்தது. புளிச்சோற்றில் உப்பு கொஞ்சம் கம்மி. நான் சொல்லவில்லை. வளைகாப்புக்கு விடியும் முன்னே வந்து, என் அடுப்பிலேயே சாம்பார் வைத்தார். கரண்டி நிற்கிற அளவுக்குப் பருப்பு. என் இலையில் ஊற்றி, "டார்ச் எடுத்தாரட்டுமா சம்பந்தி?" என்றார். அன்று பந்தி சிரித்ததில் என் சிரிப்புதான் பெரிசு.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் டூர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஆயா, கயித்துல எல்லாரும் போனாங்களாமே, நீ ஏன் போகல?" என்று மடியில் ஏறிக்கொண்டு கேட்டாள்.

"ஊக்கு பத்தலடி" என்றேன். அவள் கை என் சங்கிலியில் தொங்கும் ஊக்கைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தது.