மலையில் முறிந்த விரதம்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று லண்டன் ஆர்ச்வேயில் மழையில் நனைந்த பொலிஸ் குதிரையொன்று கடந்துபோனது. அந்த ஈர மணம், எண்பதுகளின் கடைசியில் பள்ளிக்கூடத்தோடு வேல்ஸ் மலைக்குப் போன நாளுக்கு என்னை இழுத்தது.

வெயிலில்தான் குதிரை ஏறினோம். பாதி வழியில் ஆலங்கட்டி மழை கொட்டியது. பக்கத்தில் வந்த என் சிநேகிதன் ராசன் சேணத்தில் சரிந்தான். இலங்கையில் சிறையிலிருந்த தகப்பனுக்காகக் கந்தசஷ்டி விரதம் பிடித்திருந்தான். அன்று ஐந்தாம் நாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டேய், இந்தச் சொக்லேற்றைத் தின்."

"ஏலாது. நாளையோட முடியுது."

"விழுந்தாயெண்டால் முருகன் வந்து தூக்குவாரோ? தின்னாட்டி ரீச்சரிட்டைச் சொல்லுவன்."

அழுதுகொண்டே தின்றான். அடுத்த வளைவில் மழை விட்டு வெயில் வந்தது. நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

மறுநாள் லண்டன் முருகன் கோயிலில் சூரன்போர். நான் போனேன். ராசன் வரவில்லை.