செல்வியின் லீவு லெட்டர்

நகராட்சியில் நான் கிளார்க். சுதந்திர தின விழாவில் பாராட்டுச் சான்றிதழ் பெறுவோர் பட்டியலில் துப்புரவுப் பணியாளர் செல்வியின் பெயரும் இருந்தது. ஆனால் அன்று துபாய் கிளம்பும் மகனை வழியனுப்ப அவர் லீவு லெட்டர் கொடுத்திருந்தார். எப்படியும் வரமாட்டார் என்று, ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை அடித்துவிட்டேன்.

விழாவில் புதுப்புடவையுடன் முன்வரிசையில் நின்றார் செல்வி.

எல்லாப் பெயரும் வாசித்து முடிந்ததும் என்னிடம் வந்தார். “பையன்தாங்க சார், ஏர்போர்ட்டுக்கு வராதம்மா, சர்ட்டிபிகேட் வாங்கி போட்டோ அனுப்புன்னான்.”

நான் கையிலிருந்த பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

“பதினோரு மணிக்கு பிளேனு. இப்ப பஸ் ஏறினா அவனைப் பாத்துடலாங்களா?”

அப்போதே மணி பத்து. எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் தாண்டித் திருச்சி ஏர்போர்ட் போக இரண்டரை மணி நேரமாகும்.

“பாத்துடலாம், போங்கம்மா” என்றேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பெயரை அடித்ததைவிட, அந்தப் பொய்தான் இன்றும் என்னை அறுக்கிறது.