மெயினருவியில் தண்ணி விழுதா?

லீவுக்குப் பிள்ளைகள் இரண்டையும் குற்றாலம் பக்கம் எங்கள் வடகரைத் தோப்பில் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போன மகள், இன்று காலை போன் செய்தாள்.

"அப்பா, மெயினருவில தண்ணி விழுதா?"

"பாத்துட்டுச் சொல்லுதேம்மா" என்றேன். பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பு இரண்டாவதாக வந்தது.

"நல்லா இருக்குதுவ. விடிஞ்சதும் கன்னுக்குட்டிக்குப் புல்லு போடுதுவ, பம்புசெட்டுல குளிக்குதுவ, எட்டு மணிக்கெல்லாம் உறங்கிருதுவ."

"அங்க ரொட்டீன் கெட்டுப்போயிரும்னுல்லா பயந்தேன்."

சென்னை ரொட்டீன் எனக்குத் தெரியும். செல்போனைக் காட்டாமல் சாப்பிட வாய் திறக்காதுகள், பாதி ராத்திரி வரை கண் மூடாதுகள்.

"தண்ணி விழுந்ததும் சொல்லுங்கப்பா. வந்து குளிச்சிட்டு, அப்படியே பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிருதோம்."

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் திரும்புகிற வழியில் சிப்ஸ் வாங்குவதும் அப்படியேதான்.

போனை வைத்ததும், புல்லும் கையுமாக நின்ற பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, தண்ணி விழலன்னே சொல்லிருங்க."

மலையில் நேற்றே மழை பிடித்துவிட்டது. அருவி இங்கிருந்தே வெள்ளையாகத் தெரிகிறது.

ஆகையால் தென்காசி நண்பர்களே, மகள் கண்ணில் படாதபடிதான் இந்தப் பதிவைப் போடுகிறேன். உங்களிடம் அவள் கேட்டால், குற்றாலத்தில் பாறைதான் தெரிகிறது. சரிதானே?