லூனாஸ் அண்ணனின் வண்டி

என் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் இஞ்சினுக்குள் போடும் கிராங்க் ஷாஃப்ட் எங்கும் கிடைக்கவில்லை. சுங்கைப் பட்டாணி ஊரின் உதிரிபாகக் கடைகள் எல்லாம் கைவிரித்துவிட்டன.

அதே ரக வண்டியை லூனாஸில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்து, இன்று காலை போனேன். நன்றாக ஓடும் வண்டி.

"முட்டி போச்சு தம்பி, இனி கிக் பண்ண முடியாது," என்றார். "ஆனா பார்ட்ஸுக்கு ஒடைக்கிறவங்களுக்குக் குடுக்க மாட்டேன்லா. நீங்க ஓட்டத்தானே?"

"ஓட்டத்தான் அண்ணே."

அவர் மனைவி சாமி மேடையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். அவற்றின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"இவ்ளோ நல்லா ஓடுது, ஏன் பாஸ் ஒடைக்கிறீங்க?" என்றார் மெக்கானிக். மதியத்துக்குள் இஞ்சின் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தேடிய கிராங்க் ஷாஃப்ட் கையில் இருந்தது. மகிழ்ச்சி வரவில்லை.

சற்று முன் லூனாஸ் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி.

"தம்பி, ஞாயித்துக்கெழம வண்டியில இந்தப் பக்கம் வாங்களேன். எறங்கக்கூட வேணாம். சத்தத்த மட்டும் கேட்டுக்கிறேன்."

செய்தியை நான் கேட்டுவிட்டேன் என்று நீலக் குறி அவருக்குக் காட்டியிருக்கும்.

ஞாயிறு வேலை இருக்கிறது என்று எழுதினால், அவர் அடுத்த ஞாயிறைச் சொல்வார். வேறு ஏதாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லிவிடு என்பதைத் தவிர.