அக்கா நின்ற முனை

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவே சொல்லும். நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ் டிரைவர், ஆஸ்பத்திரி வரிசையில் இடையே நுழைகிறவர் என்று யாரையும் அவள் சும்மா விட்டதில்லை. தம்பிக்காரன் நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பவன். வாடிக்கையாளர் திட்டினால் பதில் பேசமாட்டான். குனிந்து கண்ணாடியைத் துடைப்பான். நாற்பதை நெருங்கும் வயதில் இவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ சைக்கிள் பந்தய ஆசை! முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்கா, "இந்தத் தொப்பையோட எங்கடா பறக்கப்போறே?" என்று கேலி செய்துகொண்டே பச்சைப் பனியன் ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பந்தயம். நாலு தெருக்களை மூடிவிட்டு அதே வழியில் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். முன்னணிக் கூட்டம் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றிவந்து பின்னாலிருந்து எட்டிப் பிடித்துவிட்டால், பிடிபட்டவன் ஒதுங்கி இறங்கிவிட வேண்டும். அதற்கென்றே விசிலோடு ஒருவர் நிற்பார்.

சனிக்கிழமை பாதியிலேயே அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கூட்டம் போயே போய்விட்டது. தனியாக மிதித்துக்கொண்டிருந்தபோது, "முன்னணி வீரர்களுக்கு இது கடைசிச் சுற்று!" என்று ஒலிபெருக்கி கத்தியது. முதுகுக்குப் பின்னால் சக்கரங்களின் இரைச்சல். எதிரே மருந்துக்கடை முனையில் அக்கா. ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை, அயோக்கியன். உயிரைக் கொடுத்து மிதித்து அந்த முனையை மட்டும் எல்லோருக்கும் முன்னால் கடந்தான். அடுத்த திருப்பத்தில் விசில் ஊதி இறக்கிவிட்டார்கள். அக்கா அதைப் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் தம்பி முதலில் போகிறான் என்ற சந்தோஷம் தாங்காமல் தெருவுக்குச் சொல்ல ஓடிவிட்டாள்.

அவன் வந்தபோது வாசலில் கும்பல். "ஜெயிச்சுட்டு எப்படிப் பூனை மாதிரி வர்றான் பாருங்க!" என்றாள் அக்கா. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். "முதல்ல சாப்பிடுடா, களைச்சுப் போயிருப்பே." சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, தையலுக்கு வரும் பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு அக்கா அதே முனையில் நின்றாள். அவன் கெட்ட நேரம், விசில்காரரும் அன்றைக்கு அங்கேதான் நின்றார். பழைய கதைதான். இரைச்சல் பின்னால் நெருங்கியது, விசில் ஊதியது, இறங்கினான்.

அக்கா பாய்ந்தாள். "யோவ், முதல்ல வர்றவனை எதுக்குய்யா நிறுத்துறே?"

"அவர் முதல்ல வரலைம்மா. ஒரு சுற்று பின்னாடி இருக்கார்."

"நேத்து ஜெயிச்சவன்யா இவன்!"

"நேத்தும் நான்தாம்மா இறக்கிவிட்டேன்."

"நான் என் கண்ணால பார்த்தேன்!"

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு முனையே சிரித்தது. கூட வந்த பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். செயின் சுத்தமாகத்தான் இருந்தது. அக்கா மறுபடி விசில்காரர் பக்கம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள். தொண்டை கட்டும்வரை விடவில்லை.

வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் நடந்தான். செத்துப்போகலாம் போலிருந்தது. அக்கா பூட்டைத் திறக்கும்போதுதான் பேச்சு வந்தது.

"அக்கா, அந்த ஆள் சொன்னது நிஜம்தான்."

"தெரியும்." குரல் கம்மியிருந்தது. "நீ குனிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறமும் ஏன்க்கா சண்டை போட்டே?"

அக்கா கதவைத் தள்ளினாள்.

"நான் நிறுத்தியிருந்தா எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்கடா."