ஒரு கையெழுத்துக்காகக் கல்வராயன் மலைக்கு

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். அருவி பார்க்க அல்ல. சென்னையில் ஒரு கண் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குள் வரும் ஒரு வகைப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கு லேசில் சாகாது. முன்னதாகவே ஒரு மருந்தைக் கொடுத்து அந்த உயிரணுக்களைப் பலவீனப்படுத்தினால், குறைந்த கதிரிலேயே அவை சாகுமா, பார்வை தப்புமா என்று பார்க்கிறோம். அதற்காக மூன்று வருடமாக நான் வளர்க்கும் உயிரணுக்கள் ஒரே ஒருவரின் கண்ணிலிருந்து எடுத்தவை. இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றுக்குச் சத்துநீர் மாற்ற வேண்டும். பொங்கலன்றுகூட ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வீட்டுக்குப் போயிருந்தாலும் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அவற்றை ஆய்வுக்குப் பயன்படுத்த அந்த ஒருவர் தந்திருந்த அனுமதியின் காலம் முடியவிருந்தது. மருத்துவமனையிலிருந்து அழைத்தால் போன் போகவில்லை. நேரில் போய் வருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றுவரை எனக்கு அவர் டப்பாவில் ஒட்டிய ஒரு எண்தான். இங்கே பூங்காவனம் என்று பெயரை மாற்றி எழுதுகிறேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.15க்குப் பேருந்து. டிக்கெட் 210 ரூபாய். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது 10.20. படிவத்தில் இருந்த முகவரிக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண், "அது மலைக்குப் போய்க்கீதுங்க. வெள்ளிமலையாண்ட மரவள்ளி புடுங்கற வேல. வர பத்து நாளு ஆவும்" என்றார்.

11.10க்கு வெள்ளிமலைப் பேருந்து கிடைத்தது. கச்சிராயபாளையம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். வயிறு புரட்டும், ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு மணிக்கு வெள்ளிமலை. மரவள்ளி பிடுங்கும் இடத்தை அங்கே விசாரித்துக்கொண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, 150 ரூபாய்.

"அந்தப் பக்கம் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றார் ஓட்டுநர்.

"ஒருத்தரைப் பாக்கணும்."

"சொந்தமா?"

இல்லை என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

பூங்காவனத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், கூட மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களை விட்டு விலகிப் பலா மரத்தடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"கண்ணுல முள்ளு குத்திச்சின்னுதான் இங்க சொல்லிக்கீறேன். நீ வேற எதுனா சொல்லிடாதம்மா. தொத்திக்கும்னு பயப்படுவாங்க. ஒண்ணா உக்காந்து சோறு துன்ன மாட்டாங்க."

படிவத்தில் இருந்ததை விளக்கினேன். நடுவில் என்னை நிறுத்தினார்.

"எங்கண்ணுல இருந்தது அங்க இன்னும் உயிரோட கீதா?"

"இருக்கும்மா. நான்தான் வளக்கறேன்."

"அத்த எதுக்கு வளக்கற? எனக்குக் கண்ணு மேலயே கதிரு தகடு வெச்சித் தெச்சாங்க. அஞ்சி நாளு கதிரு. சாவல. அப்பால கண்ணையே எடுத்துட்டாங்க."

"எப்படிச் சாகடிக்கறதுன்னு தெரிஞ்சுக்கத்தான். மருந்து போட்டுட்டு கதிர் வெச்சா முன்னைவிட ஜாஸ்தியா சாகுது. முழுசா இல்லை."

தன் கையிலிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார்.

"அந்த மருந்து அப்பவே இருந்திருந்தா எங்கண்ணு இருந்திருக்குமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா, அழுதிருப்பாரா, தெரியாது. "தெரியலைங்கம்மா. நாங்க வளக்கற தட்டுல சாகறது ஆளோட கண்ணுலயும் சாகும்னு இன்னும் யாராலயும் சொல்ல முடியல" என்றேன்.

"இதையாவது நெசமா சொன்னியே. குடு."

பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். பிறகு, "இத்தினி வருசத்துல அத்தப் பத்தி வாயத் தொறந்து பேசனது இன்னிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மரவள்ளிக் குவியலுக்குத் திரும்பிப் போனார். போகும்போது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மற்றவர்கள் என்ன கேட்டார்கள், என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குக் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. வெள்ளிமலையில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. இறங்கும் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு 3.40க்குக் கிடைத்தது. என்னைப் போல அனுமதி கேட்டுப் போகிறவராக இருந்தால், ஒருநாள் முழுக்க ஒதுக்குங்கள். கையெழுத்துக்கு ஒரு நிமிடம் போதும். அவர்கள் கேட்பதற்குத்தான் நேரம் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், அவர்கள் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.