சந்தனப் பொட்டு வைத்த கீபோர்டு

தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா… எனக்குத் தெரியும். தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், மகள் காவ்யாவை முதல் பியானோ கிளாஸுக்குத் தயார் செய்த நாட்களின் வாசனை அது.

பள்ளிக்கூட விழாவில் யாரோ வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து ஒரே பிடிவாதம். விசாரித்ததில் மாதுங்காவில் ஒரு தமிழ் மிஸ் கிடைத்தார்.

"ஆத்துல கீபோர்டு ஒண்ணு வாங்கிப் போடுங்கோ. கொஞ்ச நாள் அவளாவே தட்டிப் பார்க்கட்டும். அப்பறம் அழைச்சுண்டு வாங்கோ. காது இருக்கான்னு பார்த்துதான் சேர்த்துப்பேன். எங்கிட்ட ஒரு எடம்தான் காலி" என்றார்.

அந்த ஒரு இடம் இவளுக்குக் கிடைக்குமா… வீட்டில் அப்போது அதுதான் பேச்சு.

செகண்ட் ஹேண்டில் கீபோர்டு வந்துவிட்டது. எங்கே வைப்பது? பாதி வீடு என் வீட்டுக்காரரின் பை தைக்கிற மெஷினுக்கும் தோல் கட்டுகளுக்கும். கடைசியில் தண்ணீர் டிரம் மேல் பலகை போட்டு வைத்தோம். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் கீபோர்டைத் தூக்கிக் கட்டிலில் வை, டிரம்மை நிரப்பு, மறுபடி தூக்கி வை… அப்புறம் விக்ரோலி வேலைக்கு ஓடிப்போய் லோக்கல் ரயில் பிடி. சாயங்காலம் திரும்பும்போது கால் என்னுடையது மாதிரியே இருக்காது.

முதல் நாள் பிளக்கைக் கையில் எடுத்தேன். வீட்டுக்காரர் தடுத்தார்.

"பொறுட்டி. புது மெஷின பொட்டு வைக்காம ஓட்டுவாவளா?"

"இது மெஷின் இல்லங்க… வாத்தியம்."

"கரண்டுல ஓடுதுல்லா? அப்ப மெஷினுதான்."

கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு வைக்கிற மனுஷன். குழைத்த சந்தனத்தைக் கீபோர்டின் கட்டைக்கு ஒரு பொட்டாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சக்கரம் இல்லையே என்றுதான் அவருக்குக் குறை.

சந்தனம் கொஞ்சம் நீர்த்துவிட்டது போல. இடுக்கில் இறங்கிக் காய்ந்து, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அமுங்கவே இல்லை. அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கோ கோபப்படக்கூடத் தெம்பில்லை. ரிப்பேர்காரர் "பார்ட் ஆயேகா பாபி, ருக்கோ" என்று, பார்ட் வரும்வரை பொறுக்கச் சொல்லியே இழுத்தடித்தார்.

காவ்யா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து ப்ரேயர் பாட்டைத் தேடித் தேடி வாசித்தாள். அந்தக் கட்டை வருகிற இடத்தில் விரலை எடுத்துவிட்டு, வாயால் "ஆ…" என்று அந்தச் சுரத்தைப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போவாள். நான் சோறு வடித்துக்கொண்டே கேட்பேன். அந்த இடம் வரும்போது வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிடுவார்.

மாதுங்கா போகிற நாளும் வந்தது. மிஸ் வீட்டில் நிஜ பியானோ. எங்கள் பீரோவைவிடப் பெரிது. காவ்யா உட்கார்ந்து வாசித்தாள்… அந்த இடம் வந்ததும் பழக்கதோஷம், விரலை எடுத்துவிட்டு "ஆ…" என்று பாடினாள். நான் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன்.

"ஏன்டா கண்ணா, அந்தக் கட்டையை மட்டும் விட்டுடறே?"

"அது எங்க வீட்ல பேசாது மிஸ். அப்பா பொட்டு வச்சிட்டாவ."

மிஸ் அந்தக் கட்டையை அமுக்கிப் பார்த்தார். காவ்யா பாடிய அதே சுரம். மறுபடி பாடச் சொன்னார், மறுபடி அமுக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமைலேர்ந்து அனுப்புங்கோ" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடம். குழாயைத் திறந்தால் தண்ணீர். கீபோர்டுக்கென்றே ஒரு மூலை. ரிப்பேர் பார்த்ததில் எல்லாக் கட்டையும் பேசுகிறது. ஒன்றின் ஓரத்தில் மட்டும் இன்னும் குங்குமச் சிவப்பு. நான் துடைப்பதில்லை.

காவ்யா புனேயில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் அவள் குரலைக் கேட்டேன்… அந்த நாளில் லோக்கலை விட்டு அலுத்து இறங்கி வந்த என் குரல் மாதிரியே இருந்தது. போனைக் கீபோர்டு பக்கத்தில் வைத்து அந்தக் கட்டையை அமுக்கினேன்.

"இப்பப் பேசுதேம்மா…"

"ஆமாட்டி. நீ ஒருக்கா பாடேன்."

"மீட்டிங் இருக்கும்மா. அப்புறம்" என்று வைத்துவிட்டாள்.

நானே "ஆ…" என்று பாடிப் பார்த்தேன். சுருதி சேரவே இல்லை.

உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், சட்டென்று சத்தத்தைக் குறைத்தார்.